‘அமோனியா இல்லை’ சரி... அலர்ஜி வராதா? ஹேர் டை பாக்கெட்டின் பின்பக்கத்தையும் பாருங்க!

25 வயதிலேயே நரை எட்டிப் பார்த்தால் பலரும் உடனே வாங்குவது, கடையில் சரமாகத் தொங்கும் ஹேர் டை பாக்கெட்டைத்தான். முன்பக்கத்தில் ‘ஹெர்பல்’, ‘அமோனியா ஃப்ரீ’ என்று கொட்டை எழுத்து. பார்த்ததும் ஒரு நிம்மதி. ஆனால், அலர்ஜி விஷயத்தில் அந்த நிம்மதிக்கு அர்த்தமே இல்லை.

மூக்கில் ஏறும் நெடிக்கும் கண் எரிச்சலுக்கும்தான் அமோனியா காரணம். தலை அரித்து, காதோரம் தடித்து, மறுநாள் கண் இமை வீங்குகிறதே, அதற்குப் பெரும்பாலும் காரணம் பிபிடி எனும் பாரா-ஃபினைலின்டையமின். முடிக்குக் கறுப்பு நிறம் தரும் ரசாயனம் இது. அமோனியா இல்லாத டையிலும் இது இருக்கலாம்.

மருதாணின்னா சேஃப்தானே?

மருதாணி இலை தருவது ஆரஞ்சு கலந்த சிவப்பு. அதுவும் சில மணி நேரம் ஊற வேண்டும். சில நிமிடங்களில் கன்னங்கரேலென்று பிடிக்கும் ‘பிளாக் ஹென்னா’வில் பிபிடி கலந்திருக்க வாய்ப்பு அதிகம்.

‘பல வருஷமா போடுறேன், ஒண்ணும் ஆகலையே?’

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். எல்லோருக்கும் இந்த அலர்ஜி வருவதில்லை. ஆனால், வருகிறவர்களுக்கு முதல் தடவையே வர வேண்டும் என்றில்லை. திரும்பத் திரும்பப் படும்போது, நோய் எதிர்ப்பு மண்டலம் அந்த ரசாயனத்தை எதிரியாகக் குறித்து வைத்துக்கொள்ளும். பிறகு ஒருநாள் டை போட்டு சில மணி நேரத்திலோ, இரண்டு மூன்று நாளிலோ தோல் கொப்பளிக்கும். தாமதமாக வருவதால், பழி நேற்று சாப்பிட்ட இறால் மேல் விழும்! ஒருமுறை வந்துவிட்டால், பொதுவாக ஆயுளுக்கும் போகாது.

என்ன செய்யலாம்?

ஒவ்வொரு முறையும் டையைக் கொஞ்சம் காதுக்குப் பின்னால் தடவி, பாக்கெட்டில் சொன்னபடி சோதியுங்கள். 48 மணி நேரம் காத்திருப்பது நல்லது. ஏற்கெனவே அரிப்பு வந்திருந்தால், இந்தச் சோதனைகூட வேண்டாம். தோல் மருத்துவரிடம் ‘பேட்ச் டெஸ்ட்’ செய்து காரணத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். பிராண்டை மட்டும் மாற்றினால் போதாது. அதிலும் பிபிடி இருக்கலாம். முகம் வீங்கி மூச்சுத் திணறினால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

பிபிடி உள்ள டைகளில் எச்சரிக்கையும் சோதனை முறையும் ஆங்கிலத்திலும் உள்ளூர் மொழியிலும் இருக்க வேண்டும் என்று இந்திய விதிகளே சொல்கின்றன. ஆனால், உள்ளங்கை அளவு பாக்கெட்டின் பின்பக்கத்தில் எறும்பு சைஸில் அச்சடித்தால் யார் படிப்பார்கள்? ‘அமோனியா இல்லை’ என்று முன்பக்கத்தில் பெரிதாகச் சொல்லும் நிறுவனம், ‘பிபிடி இருக்கிறது’ என்பதையும் அதே பக்கத்தில், அதே சைஸில் தமிழில் சொல்ல வேண்டும். விதியை அப்படித் திருத்துவதில் என்ன கஷ்டம்? இல்லாததை விளம்பரம் செய்ய இடம் இருக்கும்போது, இருப்பதைச் சொல்லவும் இடம் இருக்கும்.