மூட் லைட் கிடக்கட்டும், சீட் சாயுமா?

பழைய விமானங்களைப் புதுப்பிக்கிறோம் என்று எந்தக் கம்பெனி விளம்பரம் கொடுத்தாலும் கவனித்துப் பாருங்கள், முதல் படம் விளக்காகத்தான் இருக்கும். ஊதா, ரோஸ், விடிகாலை நீலம் என்று கேபின் முழுக்கக் கல்யாண மண்டபம் மாதிரி ஜொலிக்கும். இரண்டாவது படத்தில் முன்வரிசையில் ஒருவர் காலை நீட்டிச் சாய்ந்திருப்பார். மூன்றாவது படத்தில் பீங்கான் தட்டும் பளபளக்கும் கரண்டியும். நாமெல்லாம் உட்காரும் இருபத்தைந்தாம் வரிசை நடு சீட்டை இந்தப் படங்களில் எதிலாவது பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை.

புதுப்பிக்கவே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. தாராளமாகச் செய்யட்டும். என் சண்டை வேறு. புது சீட் என்றைக்கோ வரப்போகிறது. அதுவரை உடைந்த பழைய சீட்டை, உடைந்தது என்று தெரிந்தே, முழு விலைக்கு விற்கிறார்கள். அதைக் கேட்க ஒரு விதி இல்லை. இதைத்தான் சொல்ல வருகிறேன்.

கண்ணெதிரே இருக்கும் உதாரணம் ஏர் இந்தியா. 2022 ஜனவரி 27-ல் அரசிடமிருந்து டாடாவிடம் திரும்பிப் போனது. அதே வருடம் டிசம்பரில், 40 கோடி டாலருக்கு மேல் செலவு செய்து 27 போயிங் 787-8, 13 போயிங் 777 ஆகியவற்றின் உட்புறத்தை முழுக்க மாற்றப் போவதாக அறிவித்தார்கள். முதல் விமானம் 2024 நடுவில் தயாராகிவிடும் என்றார்கள். நடந்தது என்ன? சின்ன விமானங்களான 27 ஏ320 நியோக்களின் வேலை 2024 செப்டம்பரில் தொடங்கியது. பெரிய விமானத்தில் முதலாவது, கலிஃபோர்னியாவில் உள்ள விக்டர்வில் பட்டறைக்குப் போனதே 2025 ஜூலையில்தான். அதற்குள் அந்த 27-ல் ஒன்றை 2025 ஜூன் 12 அன்று அகமதாபாத் விபத்தில் இழந்துவிட்டோம். மீதி 26-ம் 2027 நடுவில் முடியும், 777-களில் வேலை 2027 தொடக்கத்தில்தான் ஆரம்பிக்கும் என்பது 2025 ஜூலையில் அவர்களே கொடுத்த கணக்கு.

அகமதாபாத் என்றதும் சிலர் உடனே, "பழைய விமானம்னாலே ஆபத்துதான்" என்று ஆரம்பிப்பார்கள். இரண்டையும் போட்டுக் குழப்ப வேண்டாம். சீட் உறை கிழிந்திருப்பதும், இன்ஜின் பராமரிப்பும் வேறு வேறு கணக்கு. பத்து வயது, பதினைந்து வயது விமானம் ஒழுங்காகப் பராமரித்தால் நன்றாகவே பறக்கும். நான் பேசுவது உயிர்ப் பயத்தைப் பற்றி இல்லை. வாங்கிய காசுக்கு உண்டான பண்டத்தைப் பற்றி.

தாமதத்துக்குக் கம்பெனி சொல்லும் காரணம் பொய்யில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். விமான சீட் என்பது சோபா செட் இல்லை, ஆர்டர் கொடுத்தால் ஆசாரி வந்து போட்டுவிட்டுப் போக. ஈர்ப்பு விசையைப் போல் 16 மடங்கு அதிர்ச்சியில் தூக்கி அடித்தாலும் தரையிலிருந்து பெயராமல் நிற்க வேண்டும். அதன் பஞ்சும் துணியும் சட்டென்று தீப்பிடிக்கக் கூடாது. ஒவ்வொரு மாடலுக்கும் தனிச் சான்றிதழ். உலகம் முழுக்கவே இதைச் செய்யும் பெரிய கம்பெனிகள் விரல் விட்டு எண்ணக்கூடியவை. கோவிட்டுக்குப் பிறகு எல்லா நாட்டு விமானக் கம்பெனிகளும் அவர்கள் வாசலில் வரிசையில் நிற்கின்றன. சரி, ஒப்புக்கொள்கிறேன். புது சீட் லேட்டாகட்டும். ஆனால் லேட்டாகும் காலத்துக்கு யார் பணம் கொடுப்பது? இன்றைக்கு அதைக் கொடுப்பது நாம்தான்.

2025 பிப்ரவரி 22 அன்று மத்திய வேளாண் அமைச்சர் சிவராஜ் சிங் சௌஹான் போபாலிலிருந்து டெல்லிக்கு ஏர் இந்தியாவில் வந்தார். அவருக்குக் கொடுத்த 8சி சீட் உடைந்து, உள்ளே குழிந்து கிடந்தது. கேட்டதற்கு, இந்த சீட் சரியில்லை, டிக்கெட் விற்க வேண்டாம் என்று நிர்வாகத்துக்கு முன்னாலேயே சொல்லிவிட்டோம் என்று ஊழியர்கள் பதில் சொன்னதாக அவரே வெளிப்படையாக எழுதினார். இப்படி இருப்பது அந்த ஒரு சீட் மட்டுமில்லை என்றும் எழுதினார். முழுக் காசையும் வாங்கிக்கொண்டு இப்படி உட்கார வைப்பது நியாயமா என்று கேட்டார். கம்பெனி மன்னிப்புக் கேட்டது. விமானத்துறை அமைச்சர் உடனே கம்பெனியோடு பேசினார்.

இதில் கவனிக்க வேண்டியது அமைச்சரின் இடுப்பு வலி இல்லை. "முன்னாலேயே சொல்லிவிட்டோம்" என்ற அந்த ஒரு வரிதான். எந்த சீட்டில் என்ன கோளாறு என்று குறித்து வைக்க ஒவ்வொரு விமானத்திலும் பதிவேடு உண்டு. சாய்க்கும் பொத்தான் வேலை செய்யாவிட்டால் சீட்டை நிமிர்த்திப் பூட்டிவிட்டு ஆளை உட்கார வைக்கலாம் என்று பராமரிப்பு விதிகளே இடம் கொடுக்கின்றன. பாதுகாப்புக் கண்ணோட்டத்தில் அது சரிதான். நிமிர்ந்து உட்கார்ந்தால் யாரும் செத்துப் போவதில்லை. ஆனால் பறப்பதற்குத் தகுதி என்பதும் முழு விலைக்கு விற்கத் தகுதி என்பதும் ஒன்றா? மழையில் நனைந்த அரிசியையும் சமைக்கலாம்தான். அதற்காக நல்ல அரிசி விலைக்கா விற்பீர்கள்?

அமைச்சர் எழுதினார், நாடே பேசியது. நம் வீட்டுப் பெரியவர்கள்?

வெளியூரில் குடித்தனம் நடத்தும் நமக்கெல்லாம் இது தெரிந்த கதை. ஊரிலிருந்து அப்பாவையோ அம்மாவையோ தனியாக ஏற்றிவிடுவோம். இரண்டு நாள் ரயிலில் அலைய வேண்டாம், மூன்று மணி நேரத்தில் வந்துவிடலாம் என்று நாமேதான் அழுத்திச் சொல்லி டிக்கெட் எடுப்போம். என் மாமியார் போன பொங்கல் முடிந்து எங்களோடு வந்து தங்கச் சென்னையிலிருந்து டெல்லிக்கு வந்தார்கள். (எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. அது இங்கே முக்கியமில்லை.) முதுகுத் தண்டில் தேய்மானம். சீட் சாயவில்லை. முன்னால் இருந்த தட்டு கொக்கி போய், திறந்து திறந்து முழங்காலில் விழுந்திருக்கிறது. வந்து கேட்ட பணிப்பெண்ணின் இந்தி இவருக்குப் புரியவில்லை. இவர் தமிழ் அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. மூன்று மணி நேரம் தட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறார். "அவங்களும் சின்னப் பொண்ணு, என்ன பண்ணுவா பாவம்" என்றுதான் வீட்டில் வந்து சொன்னார். புகார் எழுதினேன். பத்து நாள் கழித்து, வருந்துகிறோம் என்ற வழக்கமான கடிதமும் அடுத்த பயணத்துக்குத் தள்ளுபடிக் கூப்பனும் வந்தன. அதாவது, இவர்களிடம் இன்னொரு டிக்கெட் வாங்கினால்தான் எனக்கு நியாயம் கிடைக்குமாம்.

இப்போது விதிகளைப் பாருங்கள். பிசினஸ் கிளாஸ் டிக்கெட் வாங்கியவரை கம்பெனி தன் காரணத்துக்காக எகானமிக்கு இறக்கினால், 2023 பிப்ரவரியிலிருந்து டிஜிசிஏ விதி தெளிவாக இருக்கிறது. உள்நாட்டுப் பயணம் என்றால் வரி உட்பட டிக்கெட் விலையில் 75 சதவீதம் திருப்பித் தர வேண்டும். வெளிநாடு என்றால் தூரத்தைப் பொறுத்து 30, 50, 75 சதவீதம். நல்ல விதி. ஆனால் எகானமி டிக்கெட் வாங்கியவரை, எகானமிக்கும் கீழே, சாயாத சீட்டுக்கும் மூடாத தட்டுக்கும் இறக்கினால்? அதற்கு இப்படி ஒரு சதவீதக் கணக்கு கிடையாது. நுகர்வோர் மன்றத்துக்குப் போகலாம். நாலாயிரம் ஐயாயிரம் ரூபாய் டிக்கெட்டுக்கு வக்கீல், வாய்தா, லீவு என்று யார் அலைவது? அலைய மாட்டோம் என்று அவர்களுக்கும் தெரியும்.

சரி, புது சீட்டே வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போதாவது நமக்கு விடிவு காலமா? புதுப்பித்த ஏ320 நியோவில் மொத்தம் 164 சீட். முன்னால் பிசினஸ் 8, நடுவில் பிரீமியம் எகானமி 24, பின்னால் எகானமி 132. நடுவில் இருக்கும் அந்த 24-க்கும் பின்னால் இருப்பவற்றுக்கும் பெரிய வித்தியாசம் கால் வைக்கும் இடம்தான். இரண்டு பக்கமும் அதே மூன்று மூன்று சீட்தான். ஒரு காலத்தில் சாதாரண டிக்கெட்டிலேயே கிடைத்த முழங்கால் இடத்துக்கு இன்றைக்கு "பிரீமியம்" என்று பெயர்.

இதில் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. முப்பது வரிசை உள்ள விமானத்தில் வரிசைக்கு ஒரே ஒரு அங்குலம் பிடுங்கினால் முப்பது அங்குலம் மிச்சம். அது இன்னொரு வரிசைக்கான இடம். ஆறு சீட். ஒரு நாளைக்கு ஆறு தடவை பறந்தால் முப்பத்தாறு டிக்கெட். மெல்லிய முதுகு கொண்ட புது சீட்டுகளை நான் குறை சொல்லவில்லை. எடை குறைவு, எரிபொருள் மிச்சம், முழங்காலுக்கும் கொஞ்சம் இடம் கூடும். ஆனால் கூடிய அந்த இடத்தை நமக்கு விட்டுவைப்பார்களா, இன்னொரு வரிசை போடுவார்களா என்பதில்தான் சூட்சுமம். போயிங் 787-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். எகானமியில் வரிசைக்கு எட்டு சீட் போட்டால் தாராளமாக உட்காரலாம். ஜப்பான் ஏர்லைன்ஸ் அப்படித்தான் போட்டது. மற்ற கம்பெனிகளில் அனேகமாக எல்லாம் ஒன்பது போட்டன. விமானம் ஒன்றுதான், மனசுதான் வேறு.

இது நமக்குப் புதுசா என்ன? லாலு ரயில்வே மந்திரியாக இருந்தபோது, பக்கவாட்டில் மேலும் கீழும் இருந்த இரண்டு பெர்த்துக்கு நடுவில் மூன்றாவதாக ஒன்றைச் சொருகினார்களே, ஞாபகம் இருக்கிறதா? சைடு மிடில் பெர்த். அதில் படுத்தவருக்குப் புரண்டு படுக்க வழியில்லை, கீழே இருந்தவருக்கு நிமிர்ந்து உட்கார வழியில்லை. ஜனங்கள் திட்டித் தீர்த்தார்கள். 2009-ல் மம்தா மந்திரியாக வந்ததும் அதை எடுக்க உத்தரவு போட்டார். ஆகக்கூடி, கத்தினால் நடக்கிறது. பிறகு நாம் கத்துவதை விட்டதும், 2021-ல் 72 பெர்த் இருந்த மூன்றடுக்கு ஏசியில் 83 பெர்த் போட்டு "எகானமி" என்று இன்னொரு வகுப்பு வந்தது. ஆனாலும் ரயிலில் ஒரு நேர்மை உண்டு. அதற்குத் தனிப் பெயர் வைத்து, டிக்கெட் விலையைக் கொஞ்சம் குறைத்து விற்றார்கள். விமானத்தில் அதுகூட இல்லை.

"மலிவு டிக்கெட் வாங்கிவிட்டு மகாராஜா சௌகரியம் கேட்கிறாயா?" என்று சிலர் கேட்பார்கள். தீபாவளிக்கு முந்தின நாள் டெல்லியிலிருந்து சென்னைக்கு டிக்கெட் விலை பார்த்துவிட்டு வந்து இதைக் கேளுங்கள். அன்றைக்கு விலை மூன்று மடங்கு ஆகும்போது சீட்டும் மூன்று மடங்கு சாய்கிறதா? விலை ஏறும்போது அது "சந்தை", சீட் உடையும்போது மட்டும் அது "மலிவு டிக்கெட்". ரொம்ப நன்றாக இருக்கிறது நியாயம்.

நான் கேட்பது ஆகாயத்தைப் பிளக்கும் கோரிக்கை இல்லை. மூன்றே மூன்று.

ஒன்று, பதிவேட்டில் கோளாறு என்று எழுதிய சீட்டை, டிக்கெட் எடுக்கும் படத்திலேயே அப்படிக் காட்ட வேண்டும். தெரிந்து வாங்குகிறவர் குறைந்த விலைக்கு வாங்கிக்கொள்ளட்டும்.

இரண்டு, சொல்லாமல் உட்கார வைத்தால், கிளாஸ் இறக்கியதற்கு இருப்பதைப் போல ஒரு நிலையான சதவீதம் தானாகவே கணக்கில் திரும்பி வர வேண்டும். கெஞ்சி மெயில் எழுதக் கூடாது. கூப்பன் கூடாது, பணமாக.

மூன்று, டிக்கெட் எடுக்கும்போதே கால் இடம் எத்தனை அங்குலம் என்று எழுத வேண்டும். பிஸ்கட் பாக்கெட்டில்கூட எத்தனை கிராம் என்று போட்டிருக்கிறது.

முடியாது என்று சொல்லாதீர்கள். பெற்றோரை ஒரு வரிசையிலும் குழந்தையை வேறு வரிசையிலும் உட்கார வைத்துவிட்டு, சேர்ந்து உட்காரக் காசு கேட்டுக்கொண்டிருந்தார்கள். 2024 ஏப்ரலில் டிஜிசிஏ, பன்னிரண்டு வயதுவரை உள்ள குழந்தைக்குப் பெற்றோரில் ஒருவர் பக்கத்திலாவது இடம் தர வேண்டும் என்று சொன்னது. அதனால் எந்தக் கம்பெனியும் மூடிப் போய்விடவில்லை.

இந்த மூன்றும் வந்தால் இன்னொன்றும் தானாக நடக்கும். உடைந்த ஒவ்வொரு கொக்கியும் கம்பெனிக்குச் செலவு வைக்கும். இருபத்தைந்தாம் வரிசைக் கொக்கிக்கும் ஸ்பேர் பார்ட் கிடைக்க ஆரம்பிக்கும். இன்றைக்கு அது உடைந்தே கிடப்பதில் அவர்களுக்கு ஒரு பைசா நஷ்டமில்லை. அதனால்தான் உடைந்தே கிடக்கிறது.

அடுத்த முறை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் வந்து இறங்கியதும், "பயணம் எப்படி இருந்தது?" என்று மட்டும் கேட்டு நிறுத்தாதீர்கள். "நல்லாத்தாம்பா இருந்துச்சு" என்றுதான் சொல்வார்கள். சீட் சாய்ந்ததா, தட்டு நின்றதா, லைட் எரிந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். சீட் நம்பரோடு எழுதிக் கம்பெனிக்கு அனுப்புங்கள், டிஜிசிஏவுக்கும் அனுப்புங்கள். ஒரு அமைச்சர் எழுதியதற்கு ஒரு மன்னிப்பு வந்தது. ஆயிரம் பேர் எழுதினால் ஒரு விதி வரும்.