வைக்கோல் போர் அருகே ஒரு வண்டலூர் கார்

தை மாதம். சம்பா அறுவடை முடிந்துவிட்டது. பழைய பண்ணை வீட்டின் கொட்டகையை ஒழிக்கிறார்கள். ஓட்டை அண்டா, முறிந்த கலப்பை, கூண்டு வண்டிச் சக்கரம்... எல்லாவற்றுக்கும் பின்னால் தார்ப்பாய் மூடிய ஒரு கார்! டயர் நான்கும் மண்ணில் புதைந்து கிடக்கின்றன. "பழைய இரும்புக்காரனைக் கூப்பிடு" என்கிறார் வீட்டுக்காரர்.

தஞ்சைத் தரணியில் எந்த ஊரிலும் நடக்கக்கூடிய காட்சிதான் இது. அந்தக் கார் அம்பாசிடர் என்றால் பெரிய கவலை இல்லை. அம்பாசிடரைப் பற்றிப் பேச ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஆனால், பானெட்டைத் தூக்கினால் மட்கார்டும் விளக்கும் சேர்ந்து, முன்பக்கம் முழுவதுமே சாய்ந்து திறக்கிறதா? அப்படியானால் சற்றுப் பொறுக்க வேண்டும். அது ஹெரால்டு. சென்னையை அடுத்த வண்டலூரில் தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் செய்த கார்!

மூன்றே கார்கள்

1960களில் புதுக் கார் வாங்க விரும்பியவருக்கு இருந்தவை மூன்றே பெயர்கள். கல்கத்தாவை அடுத்த உத்தரபாராவிலிருந்து அம்பாசிடர். பம்பாயிலிருந்து பியட். சென்னையிலிருந்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு. வெளிநாட்டுக் கார்களுக்குச் சர்க்கார் கதவை அடைத்திருந்த காலம் அது. டாக்டரானாலும் வக்கீலானாலும் மிராசுதாரானாலும், பணத்தைக் கட்டிவிட்டுக் காத்திருக்கத்தான் வேண்டும்.

'ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆப் இந்தியா' என்ற கம்பெனி 1948இல் தோன்றியது. வான்கார்டு, டென், பென்னன்ட் என்று பல கார்களைச் செய்த பிறகு, 1961இல் ஹெரால்டைக் கொண்டுவந்தது. காரின் பூர்வீகம் இங்கிலாந்து. 1959இல் அங்கே டிரையம்ப் ஹெரால்டு என்ற பெயரில் வெளிவந்தது. உருவம் வரைந்தவர் இத்தாலியரான மிச்செலோட்டி. அடியில் தனிச் சட்டம். அதன்மேல் உடலைத் துண்டு துண்டாகச் செய்து போல்ட் போட்டு முடுக்கிவிடலாம். பிரம்மாண்டமான யந்திரங்கள் இல்லாத ஊரிலும் இதைப் பூட்டி ஓட்ட முடிந்தது இதனால்தான்.

மெக்கானிக்குகளுக்கு இது செல்லப்பிள்ளை. பானெட் திறந்ததும் முன் டயர்மேலேயே உட்கார்ந்துகொண்டு என்ஜினைப் பார்க்கலாம். ஸ்டீரிங்கை ஒடித்தால் சுமார் 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். கும்பகோணத்துத் தெருக்களுக்கென்றே செய்தது போல!

கால் அகட்டிய கார்

குறை இல்லாமல் இல்லை. பின்சக்கரங்கள் இரண்டும் தனித்தனியே ஆடும்படி அமைத்திருந்தார்கள். இரண்டுக்கும் குறுக்கே ஒரே ஸ்பிரிங் பட்டை. இங்கிலாந்துத் தார் ரோட்டுக்கு அது சரி. இங்கேயோ வெண்ணாற்றங்கரைப் பாதை, களிமண்ணில் மாட்டு வண்டிச் சக்கரம் கிழித்த பள்ளம்! நாலைந்து பேர் ஏறி, டிக்கியில் ஒரு மூட்டை அரிசியும் வைத்தால் போதும். கார் பின்புறம் தாழ்ந்து, சக்கரங்கள் கால் அகட்டி நிற்கும்.

"இங்கிலீஷ்காரன் காரை நகல் எடுத்ததில் என்ன பெருமை?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. இங்கிலாந்தில் ஹெரால்டுக்கு இரண்டே கதவு. பாட்டியும் பேரக்குழந்தைகளும் முன் சீட்டை மடக்கிவிட்டுத்தான் பின்னால் ஏற வேண்டும். மடிசார் கட்டிய மாமிகள் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டுமா? சென்னைக் கம்பெனி 1968இல் நான்கு கதவு ஹெரால்டைச் செய்தது. அப்படி ஒரு ஹெரால்டு இங்கிலாந்திலேயே கிடையாது! பிறகு அந்த ஆடும் பின்சக்கர அமைப்பையும் தூக்கிவிட்டு, நம் ரோடுகளுக்கு ஏற்ற நேரான ஆக்சிலைப் பொருத்தினார்கள். இங்கிலாந்தில் 1971இல் ஹெரால்டு நின்றுவிட்டது. சென்னையில் 1972இல் அது 'கஸெல்' என்ற புதுப் பெயரோடு ஓடியது. இதற்குப் பெயர் நகலா?

(டெல்டாவுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. ஹெரால்டு வந்த 1961இன் சட்டம்தான் நில உச்சவரம்பை 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் என்றது. 1970இல் அது 15 ஆயிற்று. காரின் கதவு இரண்டு நான்காக, நிலம் பாதியாயிற்று!)

கஸெல் 1977இல் நின்றது. 1985இல் 'ஸ்டாண்டர்டு 2000' என்ற ஆடம்பரக் காருடன் கம்பெனி மறுபடி எழுந்து பார்த்தது. உடல் ரோவர் காருடையது. என்ஜினோ பழைய வான்கார்டு வம்சம். விலை அதிகம், பெட்ரோல் தாகமும் அதிகம். அதற்குள் மாருதி வந்துவிட்டது. 1988இல் உற்பத்தி நின்றது.

ஐம்பது வயது

2021இல் மத்திய அரசு ஒரு விதி வகுத்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு நிறைந்து, பெரிய மாற்றம் செய்யாமல் காப்பாற்றப்பட்ட கார், பாரம்பரிய வாகனமாகப் பதிவு பெறலாம். நம்பர் பிளேட்டில் 'வி.ஏ.' என்ற எழுத்துக்கள் வரும். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். 10 ஆண்டு செல்லும்.

நல்ல விதி. ஆனால் யாருக்கு? பம்பாயில் ரோல்ஸ் ராய்ஸ் வைத்திருப்பவருக்கு 20,000 ரூபாய் ஒரு பொருட்டல்ல. மன்னார்குடிப் பக்கத்துக் கொட்டகையில் கஸெலை வைத்திருப்பவர் அந்தப் பணத்தைக் கட்டுவதைவிட எடைக்குப் போடுவதே லாபம் என்றுதான் நினைப்பார். உள்நாட்டில் செய்த பழைய கார்களுக்காவது இந்தக் கட்டணத்தைக் குறைக்க வேண்டும்.

மாநில அரசும் சும்மா இருக்கலாகாது. 1948க்குப் பிறகு ஓடாமல் நின்ற திருவாரூர் ஆழித்தேரை 1970இல் மறுபடி ஓட வைத்த நாடு இது. ஒரு நான்கு கதவு ஹெரால்டையும் ஒரு கஸெலையும் விலைக்கு வாங்கி, தஞ்சையில் ஒரு தொழிற்பயிற்சி மாணவர்களிடம் கொடுத்தால் பழுது பார்த்து ஓட்டிக் காட்டமாட்டார்களா? அந்த என்ஜினைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டிய பழைய மெக்கானிக்குகள் இருக்கும்போதே இதைச் செய்வது நல்லது.

1972 முதல் 1977 வரை பதிவான கஸெல்களுக்கு 2022 முதல் 2027க்குள் ஐம்பது நிறைகிறது. இரும்புக்காரரை அழைக்கும் முன், பீரோவில் அந்தப் பழைய ஆர்.சி. புத்தகத்தைத் தேடி எடுத்துத் தேதியைப் பாருங்கள்.