காதுக்கு ஒரு கணக்கு

மயிலாப்பூரோ, தி.நகரோ, அடையாறோ... படிக்கிற பிள்ளைகள் இருக்கும் வீட்டில் மேஜை இழுப்பறையைத் திறந்தால் செத்துப்போன ஹெட்போன் ஒன்றாவது கிடைக்கும். ஒரு பக்கம்தான் கேட்கும். பின்னை ஒரு மாதிரி வளைத்துப் பிடித்தால் இரண்டு பக்கமும் கேட்கும். தூக்கிப்போடவும் மனசு வராது. 2020-ல் கொரோனா வந்து வகுப்பெல்லாம் கம்ப்யூட்டருக்குள் போனபோது பல வீடுகளில் இந்த இழுப்பறை நிரம்ப ஆரம்பித்தது. இன்றும் சி.ஏ. வகுப்பு, இன்டர்வியூ, படம், பாட்டு எல்லாம் அதே காது வழியாகத்தான்.

இதற்கு "பட்ஜெட் அவ்வளவுதாங்க" என்று ஒரு பதில் தயாராக இருக்கும். பிரச்சினை பட்ஜெட்டில் இல்லை, கணக்கில் இருக்கிறது. காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு முதலிலேயே சொல்லித்தரும் தேய்மானக் கணக்குதான். நேர்கோட்டு முறையில் விலையிலிருந்து இறுமதிப்பைக் கழித்து ஆயுளால் வகுக்க வேண்டும். ஹெட்போனுக்கு இறுமதிப்பு பூஜ்யம் என்றே வைத்துக்கொள்வோம். 600 ரூபாய்க்கு வாங்கியது ஆறு மாதம் உழைத்தால் மாதம் 100 ரூபாய். 2,400 ரூபாய்க்கு வாங்கி, நடுவில் 400 ரூபாய்க்குப் பஞ்சு மாற்றி, நாலு வருஷம் ஓட்டினால் 2,800-ஐ 48-ஆல் வகுக்க வேண்டும். மாதம் 58 ரூபாய் சொச்சம். எது மலிவு?

ஆனால் விலை கூடினால் ஆயுள் கூடும் என்று எந்தச் சட்டமும் இல்லை. 2,400-ம் ஆறு மாதத்தில் போனால் மாதம் 400 ரூபாய் தண்டம். ஆகவே பார்க்க வேண்டியது விலைச்சீட்டை அல்ல. எது முதலில் சாகும், செத்தால் அதை மட்டும் மாற்ற முடியுமா என்பதைத்தான்.

ஹெட்போன் சாவதற்குப் பெரும்பாலும் நாலு காரணம்.

முதலாவது ஒயர். பின் சேரும் இடத்திலும், காது கிண்ணத்துக்குள் நுழையும் இடத்திலும் வளைந்து வளைந்து உள்ளே செம்பு அறுந்துவிடும். ஒயரைக் கழற்றி மாட்டும் மாடல் என்றால் ஒயரை மட்டும் மாற்றினால் போதும். இதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. ஆடியோ டெக்னிகாவின் எம்20எக்ஸில் ஒயர் நிரந்தரம், எம்40எக்ஸில் கழற்றலாம். ஆனால் அந்த இணைப்பு 2.5 மி.மீ. அளவில் திருகிப் பூட்டும் வகை, கடையில் தொங்கும் எல்லா ஒயரும் சேராது. வாங்குமுன் இதைக் கேட்டுவிட வேண்டும்.

இரண்டாவது காது பஞ்சு. சென்னைக்கு இதுதான் முதல் எதிரி. தோல் மாதிரி தெரிவது பெரும்பாலும் தோல் இல்லை, துணி மேல் பூசிய பாலியூரித்தேன். ஈரக்காற்றும் வியர்வையும் பட்டால் அது மெல்ல மெல்லச் சிதையும். கடற்கரைக்குப் பக்கத்தில் வீடு, மே மாதம், ஃபேன் மட்டும்... அப்புறம் என்ன, காதெல்லாம் கறுப்புத் துகள்தான் :-) துணி அல்லது வெல்வெட் பஞ்சு இவ்வளவு சீக்கிரம் உரியாது. ஆனால் வெளிச்சத்தத்தைக் கொஞ்சம் உள்ளே விடும். எதுவானாலும் கையால் கழற்றி மாட்டுகிற மாதிரி இருக்க வேண்டும்.

மூன்றாவது தலைப்பட்டை. மடக்குகிற கீல் பிளாஸ்டிக்கில் இருந்தால் அங்கேதான் விரிசல் விடும். மேஜையை விட்டு நகராத ஹெட்போனுக்கு மடக்கு எதற்கு? உள்ளே உலோகப் பட்டை ஓடுகிறதா என்று பார்த்தால் போதும்.

நாலாவது பேட்டரி. ஒயர் இல்லாத ஹெட்போனில் வேறு எல்லாம் நன்றாக இருந்தாலும் லித்தியம் பேட்டரிக்கு வயசாகிவிடும். பல மாடல்களில் அதைக் கழற்ற வழியே கிடையாது. ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் சட்டம் போட்டு, கையடக்கக் கருவிகளின் பேட்டரியை வாங்கியவரே மாற்றும்படி செய்ய வேண்டும் என்று 2027 பிப்ரவரி 18-ஐக் கெடுவாக வைத்தது. நம் மத்திய அரசு 2022 டிசம்பர் 24 அன்று பழுதுநீக்கும் உரிமைக்கு ஒரு இணையதளம் தொடங்கியது. நல்ல ஆரம்பம், ஆனால் இணையதளம் வேறு, சட்டம் வேறு.

பஸ்ஸில் போகிறவருக்கு ஒயர் இல்லாதது வசதி, மறுக்க முடியாது. கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவருக்கு அந்த வசதி எதற்கு? இன்னொரு தொல்லையும் உண்டு. வழக்கமான புளூடூத் ஹெட்போனில் மைக்கை ஆன் செய்ததும் அது போன் பேசும் முறைக்கு மாறிவிடும், சத்தத்தின் தரம் சட்டென்று விழும். இன்டர்வியூ நேரத்தில் இது தேவையா? ஒயருக்கு இந்தச் சிக்கலே கிடையாது. லேப்டாப்பில் ஒரே துளையா, பழைய டெஸ்க்டாப் மாதிரி பச்சை, பிங்க் என்று இரண்டு துளையா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரே துளை என்றால் பின்னில் மூன்று கறுப்பு வளையம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மைக் வேலை செய்யாது.

பெட்டி மேல் "50 மி.மீ. டிரைவர்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். அது அளவு, தரம் இல்லை. பல வருஷமாக அதே பெயரில் விற்கும் மாடலா என்று பார்ப்பது புத்திசாலித்தனம். சோனியின் எம்டிஆர்-7506 வந்தது 1991-ல். மாணவர் பட்ஜெட்டுக்குள் வராதுதான். ஆனால் இத்தனை வருஷம் கழித்தும் அதற்கு மாற்றுப் பஞ்சு கிடைக்கிறது. வருஷத்துக்கு ஒரு பெயரில் வரும் மாடலுக்கு அடுத்த வருஷம் பஞ்சு தேடினால் கிடைக்குமா?

எங்கே வாங்குவது? ஆன்லைனில் நூறு இருநூறு குறையலாம். ஆனால் காதை முழுசாக மூடுகிறதா, காது மேல் உட்காருகிறதா, கண்ணாடி போட்டிருந்தால் காம்பை அழுத்துகிறதா என்பதெல்லாம் தலையில் மாட்டினால்தான் தெரியும். திருமயிலையிலோ கஸ்தூரிபாய் நகரிலோ பறக்கும் ரயில் ஏறினால் சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி ரிச்சி தெருவுக்கு நடந்தே போகலாம் (ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும்). விற்கிற தெருவிலேயே சால்டரிங் வைத்துப் புதுப் பின் போட்டுத்தருகிறவர்களும் இருக்கிறார்கள் என்பதுதான் அந்தத் தெருவின் மகிமை. கம்பெனி சர்வீஸுக்கு கூரியரில் அனுப்பினால் சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் கதைதான்.

அங்கே போலியும் கலந்திருக்கும். பெட்டியில் எம்.ஆர்.பி.யும், தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் பெயர், முகவரியும் இருக்க வேண்டும். பில் கேட்டால் "பில் வேணும்னா வரி தனி" என்பார்கள். எம்.ஆர்.பி. என்றாலே எல்லா வரியும் சேர்த்துத்தான். பில் இல்லாவிட்டால் வாரண்டி அட்டை வெறும் அட்டை. பில் இருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐக் கூப்பிடலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் குடியிருக்கும் ஊரிலேயே வழக்கும் போடலாம்.

கடைசியாக, இந்தக் கணக்கில் வராத ஒரு செலவு. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு 80 டெசிபல், வாரம் 40 மணி நேரம். 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகக் குறைய வேண்டும். அதாவது 83-க்கு 20 மணி, 86-க்கு 10 மணி. காதோடு சரியாகப் பொருந்தாத ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஃபேன் சத்தத்தையும் தெருவின் ஹாரனையும் ஜெயிக்க வால்யூமை ஏற்றுகிறவருக்கு இந்த நேரம் எவ்வளவு சீக்கிரம் தீரும்! நன்றாக மூடும் ஹெட்போனில் வெளிச்சத்தம் குறையும், வால்யூமும் தானாக இறங்கும்.

ஒயர் மாற்றலாம், பஞ்சு மாற்றலாம், பின் மாற்றலாம். உட்காதில் இருக்கும் மயிரிழைச் செல்கள் ஒருமுறை செத்தால் திரும்ப முளைக்காது. அதற்கு ரிச்சி தெருவிலும் ஸ்பேர் கிடைக்காது.