எழுத்துக்கு எதற்கய்யா வேலி?

"'அ' என்ற எழுத்தை நான்தான் கண்டுபிடித்தேன், எழுதும்போதெல்லாம் எனக்குக் காசு கொடு" என்று ஒருவர் வந்து நின்றால் சிரித்து அனுப்பிவிடுவோம். "அந்த 'அ'வைக் கணினித் திரையில் பிசிறில்லாமல் காட்டும் வழி என்னுடையது, இருபது வருடத்துக்கு வேறு யாரும் அந்த வழியில் போகக்கூடாது" என்றால்? அதற்குச் சட்டம் இருக்கிறது, வக்கீல் இருக்கிறார், கோர்ட்டும் இருக்கிறது. இன்னொரு பக்கம், நீங்கள் காசு கொடுத்து வாங்கிய புத்தக ஃபைல் எங்கே போகிறது, எந்தப் பக்கத்தில் நிற்கிறது என்று மோப்பம் பிடிக்கும் மென்பொருள்கள். முதலாவது, எழுத்தைக் காட்டுகிறவன் மேல் போடும் வேலி. இரண்டாவது, படிக்கிறவன் மேல் போடும் வேலி. இரண்டுமே கூடாது என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன். பிறகு திட்டுவதென்றால் திட்டுங்கள் :-)

முதலில் ஒரு சொல் தெளிவு. நம்மூர்ப் பத்திரிகைகள் பேடன்ட், காப்பிரைட் இரண்டையுமே 'காப்புரிமை' என்று எழுதிக் குழப்புகின்றன. இங்கே காப்பிரைட் என்பதைப் பதிப்புரிமை என்றும், பேடன்ட்டைப் பேடன்ட் என்றுமே எழுதுகிறேன். நான் எழுதிய நிரலைக் காப்பியடிக்காதே என்பது பதிப்புரிமை. அதில் எனக்குச் சண்டை இல்லை. நீயே சொந்தமாக யோசித்து, சொந்தமாக நிரல் எழுதியிருந்தாலும் அந்த யோசனை எனக்குச் சொந்தம் என்பது பேடன்ட். சண்டை அங்கேதான்.

திரை என்பது புள்ளிகள். கோலம் போடுகிறவர்களுக்கு இது சட்டென்று புரியும். பெரிய வாசல், நிறையப் புள்ளி என்றால் எந்த வளைவையும் இழுத்துவிடலாம். ஏழு புள்ளிக்குள் முடி என்றால், எந்தக் கோடு எந்தப் புள்ளியில் உட்கார வேண்டும் என்று கணக்குப் போட வேண்டும். சின்ன எழுத்துகளுக்கு அந்தக் கணக்கைச் சொல்லித்தரும் குறிப்புகளுக்கு 'ஹின்டிங்' என்று பெயர். 1980களில் அடோபி தன் டைப்-1 எழுத்துருக்களின் ஹின்டிங் ரகசியத்தைப் பூட்டியே வைத்திருந்தது. போட்டிக்கு ஆப்பிள் ட்ரூடைப்பை உருவாக்கி 1991இல் வெளியிட்டது. 1992இல் விண்டோஸ் 3.1இலும் அது வந்தது. ட்ரூடைப் வரப்போகிறது என்று தெரிந்ததுமே, 1990இல் அடோபி தன் ரகசியத்தைப் புத்தகமாகவே போட்டுவிட்டது. எல்லாம் போட்டி செய்த புண்ணியம்.

ஆனால் ட்ரூடைப் ஹின்டிங் முறைக்கு ஆப்பிள் பேடன்ட் வாங்கி வைத்திருந்தது. 1996இல் தொடங்கிய ஃப்ரீடைப் என்ற கட்டற்ற மென்பொருள்காரர்கள், அந்தக் குறிப்புகளைப் படிக்கும் நிரலைச் சொந்தமாகவே எழுதியிருந்தார்கள். நன்றாக வேலை செய்யும் நிரல். ஆனாலும் பேடன்ட் பயத்தில் பல வருடங்கள் அதை அணைத்து வைத்தே விநியோகித்தார்கள். அந்தக் காலத்தில் லினக்ஸ் போட்டுப் பார்த்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். "என்னய்யா, எழுத்தெல்லாம் கண்புரை வந்த மாதிரி மங்கலாக இருக்கிறது?" என்று கேட்காதவர் இல்லை. 2010 மே மாதத்துக்குள் பேடன்ட்கள் காலாவதியாயின. ஜூலையில் வந்த ஃப்ரீடைப் 2.4 பதிப்பில் அந்த நிரல் தானாகவே இயங்கத் தொடங்கியது. எழுதி வைத்த சோறு பானையிலேயே இருந்தது, மூடியைத் திறக்கத்தான் அனுமதி இல்லை!

அடுத்தது மைக்ரோசாஃப்டின் கிளியர்டைப். தட்டைத் திரையில் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று கீற்றுகள் உண்டு. அவற்றைத் தனித்தனியாகப் பயன்படுத்தினால் எழுத்து இன்னும் துல்லியமாகத் தெரியும். 1998இல் அறிவித்தார்கள். 2001இல் எக்ஸ்பியோடு ஊரெல்லாம் பரவியது. பேடன்ட்கள் முடிந்தது 2019இல். அதுவரை காத்திருக்க முடியாமல் ஃப்ரீடைப்காரர்கள் 2017இல் 'ஹார்மனி' என்று ஒரு சுற்றுவழியைக் கண்டுபிடித்தார்கள். திறமையான பொறியாளர்கள் எழுத்தை அழகாக்கச் செலவழித்திருக்க வேண்டிய நேரம், வேலியைச் சுற்றிப் போவதில் கழிந்தது.

இதெல்லாம் அமெரிக்கச் சண்டை, புனேயில் உட்கார்ந்திருக்கிற உனக்கென்ன என்று கேட்கலாம். பேடன்ட் அது வாங்கிய நாட்டுக்குள்தான் செல்லும், உண்மை. ஆனால் ஒரே மென்பொருள் உலகத்துக்கெல்லாம் போகும்போது, அமெரிக்காவில் போட்ட வேலி அம்பாசமுத்திரத்திலும் வந்து நிற்கும். ஆண்ட்ராய்டு போன்களில் பல வருடங்கள் எழுத்து வரைந்து கொடுத்தது இதே ஃப்ரீடைப்தான். 'கொ' என்று அடித்தால் கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் சரியாக வைத்துத் தருவது ஹார்ஃப்பஸ் என்ற இன்னொரு கட்டற்ற மென்பொருள். அந்தப் பெயருக்குப் பாரசீகத்தில் 'திறந்த எழுத்து' என்று பொருள். ஊரில் அம்மா வாட்ஸப்பில் அனுப்பும் "சாப்பிட்டியா" உங்கள் ஆண்ட்ராய்டு போனில் ஒழுங்காகத் தெரிவதற்கு, யாரோ இலவசமாகக் கொடுத்த நிரலும் ஒரு காரணம்.

பேடன்ட் இல்லாமலேயே வேலி போடுவதில் நம்மவர்களும் சளைத்தவர்கள் இல்லை. 1990களின் கடைசியில் பத்திரிகைக்கு ஒரு எழுத்துரு, எழுத்துருவுக்கு ஒரு குறியீடு. ஒரு தளத்திலிருந்து நகலெடுத்து இன்னொன்றில் ஒட்டினால் கேள்விக்குறியும் ஐரோப்பிய எழுத்தும் கலந்த கிறுக்கல் வரும். 'டைனமிக் ஃபாண்ட்' வந்தபோது ஆறுதலாக இருந்தது. ஆனால் மைக்ரோசாஃப்டின் வகை இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் மட்டும்தான் தெரியும். அந்த எழுத்துரு ஃபைலுக்குள்ளேயே 'இந்த இணைய முகவரியில் மட்டும் வேலை செய்' என்று கட்டிப்போடவும் வசதி வைத்திருந்தார்கள். எழுத்தைக் காட்டுவதும் ஃபைலைக் கண்காணிப்பதும் ஒரே பெட்டிக்குள்!

என் பெரியப்பா ரிட்டயர் ஆனபின் எங்கள் குலதெய்வக் கோயில் வரலாற்றை அறுபது பக்கம் தட்டச்சு செய்து சிடியில் கொடுத்தார். அவர் பயன்படுத்திய தமிழ் மென்பொருள், கணினிக்குப் பின்னால் ஒரு பூட்டுச் சாவியைச் செருகினால்தான் திறக்கும். பெயர் வேண்டாம். பெரியப்பா இல்லை, சாவியும் இல்லை. ஃபைல் மட்டும் இருக்கிறது, ஒரு எழுத்துகூடப் படிக்க முடியாமல்.

வேலி போடாதவர்கள் என்ன செய்தார்கள் என்றும் பாருங்கள். சுவிட்சர்லாந்தில் இருந்த கல்யாணசுந்தரம் மயிலை எழுத்துருவை இலவசமாகக் கொடுத்தார். 1998 பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கி, சங்க இலக்கியத்தை யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும்படி வைத்தார்கள். பல நாட்டுத் தமிழர்கள் மின்னஞ்சலில் விவாதித்தே திஸ்கி குறியீட்டை வகுத்தார்கள். இ-கலப்பை வந்தது, பொங்குதமிழ் மாற்றி வந்தது. யுனிகோடு எல்லோருக்கும் பொது. 2010இல் தமிழக அரசும் அதை ஏற்றுக்கொண்டது. மதுரைத் திட்டத்தின் ஃபைல்களைத் திஸ்கியிலிருந்து யுனிகோடுக்கு மாற்ற முடிந்ததற்குக் காரணம், மாற்றும் அட்டவணையை யாரும் ரகசியமாக வைக்கவில்லை. அவை இன்றும் திறக்கின்றன. பெரியப்பாவின் ஃபைல் திறக்கவில்லை.

"அப்படியானால் கண்டுபிடித்தவன் பட்டினி கிடக்கவா?" நியாயமான கேள்வி. எழுத்துரு வரைவது கண்ணைக் கெடுக்கும் வேலை, கூலி கொடுத்துத்தான் ஆக வேண்டும். அதற்குப் பதிப்புரிமை போதும். மருந்துக்கு வருடக்கணக்கில் சோதனையும் பெரும் முதலீடும் வேண்டும். திரைப் புள்ளியைக் கீற்றாகப் பிரிக்கும் யோசனைக்கு அது வேண்டாம், ஒரே சமயத்தில் நாலு பேருக்கு நாலு ஊரில் தோன்றலாம். அதில் முதலில் ஆபீஸ் வாசலுக்கு ஓடியவனுக்கு இருபது வருடம் என்பது, தெருவில் முதலில் எழுந்தவனுக்கே அடிபம்பு சொந்தம் என்பது மாதிரி.

இனி ஃபைல் கதை. ஒவ்வொரு எழுத்துரு ஃபைலிலும் 'இதை ஆவணத்துக்குள் பதிக்கலாமா கூடாதா' என்று சொல்லும் சில பிட்கள் உண்டு. 2002இல் ஒரு அமெரிக்க இளைஞர், தான் வரைந்த எழுத்துருக்களுக்காக அந்த பிட்டை மாற்றும் சின்ன நிரலை எழுதி வைத்ததற்கு, ஒரு பெரிய எழுத்துரு நிறுவனத்திடமிருந்து வழக்கு மிரட்டல் வந்தது. பிறகு அக்ஃபா மோனோடைப் அடோபி மேலேயே வழக்குப் போட்டது. அந்த பிட் வெறும் குறிப்புதான், பூட்டு ஆகாது என்று 2005இல் அமெரிக்க நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒரு பிட்டுக்கு இவ்வளவு சண்டை!

புத்தகத்தில் இன்னும் மோசம். 2009 ஜூலையில் அமேசான், வாசகர்கள் வாங்கிய ஆர்வெல் நாவல்களை அவர்கள் கிண்டிலிலிருந்தே அழித்தது. நாவல்களில் ஒன்று '1984'. கண்காணிப்பைப் பற்றிய கதை, கேட்டுக்கொள்ளுங்கள்! விற்றவருக்கு உரிமை இல்லை என்பது காரணம். தப்பு என்று பிறகு மன்னிப்பும் கேட்டார்கள். 2014இல் அடோபியின் மின்னூல் மென்பொருள், எந்தப் புத்தகம், எந்தப் பக்கம் என்ற விவரத்தைப் பூட்டில்லாமல் இணையத்தில் அனுப்பிக்கொண்டிருந்தது வெளியே வந்தது. 2019இல் மைக்ரோசாஃப்ட் மின்னூல் கடையைச் சாத்தியபோது, பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் புத்தகங்களை மறையச் செய்தது. 2016 டிசம்பரில் கிண்டிலில் தமிழ் வந்தபோது நானும் துள்ளிக் குதித்தவன்தான். புனேயில் தமிழ்ப் புத்தகத்துக்கு எங்கே போவது? ஆனால் 2025 பிப்ரவரியில், வாங்கிய புத்தகத்தைக் கணினியில் இறக்கி வைத்துக்கொள்ளும் வசதியை அமேசான் எடுத்துவிட்டது. தாத்தாவின் பொன்னியின் செல்வன் பைண்டிங்கை யாரும் வந்து அலமாரியிலிருந்து எடுத்துப் போகவில்லை. நம் பேரன் பேத்திக்கு என்ன மிச்சம் வைக்கப்போகிறோம்?

நம் நாட்டுச் சட்டம் இதில் கொஞ்சம் புத்திசாலி. பேடன்ட் சட்டத்தின் 3(கே) பிரிவு, கணினி நிரல் தன்னளவில் கண்டுபிடிப்பு ஆகாது என்கிறது. 2004 டிசம்பரில் ஒரு அவசரச் சட்டத்தில் அதைத் தளர்த்தினார்கள். 2005இல் நாடாளுமன்றம் அந்தத் தளர்வைத் தூக்கிப்போட்டது. 2015 ஆகஸ்டில் பேடன்ட் அலுவலகம் தளர்வான வழிகாட்டியைப் போட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் டிசம்பரில் நிறுத்திவைத்து, 2016இல் புது வன்பொருள் இருந்தால்தான் என்று இறுக்கியது. 2017இல் அந்த நிபந்தனையும் போயிற்று. கதவு சாத்தியபடிதான் இருக்கிறது, ஆனால் அலுவலகத்துக்குள் தாழ்ப்பாளைக் கழற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

தாழ்ப்பாளைக் கழற்றுகிறவர்களுக்கு உதவுவது யார்? நாம்தான். பெங்களூர், ஹைதராபாத், புனே ஆபீஸ்களில் 'இந்தக் காலாண்டில் எத்தனை பேடன்ட் யோசனை கொடுத்தாய்?' என்று கேட்கிறார்கள். கொடுத்தால் போனஸ், மேஜையில் வைக்க ஒரு கண்ணாடிக் கட்டி. அப்ரைசலுக்காக நாம் எழுதிக் கொடுக்கும் சில்லறை யோசனை, நாளைக்கு மதுரையில் ஒரு கல்லூரிப் பையன் தமிழுக்காக எழுதும் நிரலுக்குக் குறுக்கே நிற்கலாம். வேலையை விடச் சொல்லவில்லை, எனக்கும் வீட்டுக்கடன் இருக்கிறது. எழுத்தைக் காட்டும், ஃபைலை வேவு பார்க்கும் யோசனைகளில் உங்கள் பெயரைப் போடாதீர்கள் என்று மட்டும் கேட்கிறேன்.

வீட்டில் செய்ய வேண்டியதும் உண்டு. அப்பா, பெரியப்பா தட்டச்சு செய்த பழைய ஃபைல்களை, அந்த எழுத்துருவும் மாற்றியும் கிடைக்கும்போதே யுனிகோடுக்கு மாற்றி, சாதாரண உரை ஃபைலாக ஒரு பிரதி வையுங்கள். பூட்டில்லாமல் மின்னூல் விற்கும் பதிப்பாளர் இருந்தால், பத்து ரூபாய் கூட இருந்தாலும் அவரிடமே வாங்குங்கள். பூட்டுப் போட்டு விற்கிறவருக்கு ஏன் என்று கேட்டு ஒரு மெயில் தட்டுங்கள். பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கும்போது, அந்த எழுத்தைத் திரைக்குக் கொண்டுவந்து இலவசமாகக் கொடுத்தவர்களின் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இந்த வார இறுதியில் அந்தப் பழைய சிடிகளை எடுங்கள். சாவி தொலைவதற்குள்.