95 என்னும் மயக்கம்

விலை கூடியதெல்லாம் வலிமை கூடியது என்று எண்ணி, கல்முனையிலும் சாதாரணக் காருக்கு 95 ஒக்டேன் பெற்றோல் ஊற்றுவோர் உளர். ஒக்டேன் எண் ஆற்றலின் அளவன்று. உரிய வேளைக்கு முன் தானாகத் தீப்பற்றி இயந்திரத்தை இடிக்காதிருக்கும் தன்மையின் அளவே அது. அமுக்கம் மிகுந்த இயந்திரத்திற்கு அது வேண்டும். ஏனையவற்றுக்கு வீண் செலவு.

நம் வீதிகளில் ஓடும் கார்களிற் பல யப்பானிற் பிறந்தவை. அங்கே சாதாரண பெற்றோலுக்கு விதிக்கப்பட்ட கீழெல்லை 89. நமது 92 அதனினும் மேல் அல்லவா?

இவ்வழக்கிற் சாட்சி, தயாரித்தவரின் கைநூலே. அது 95 கேட்டால் கொடுங்கள். கேளாவிடின் மிச்சப் பணம் வயலுக்கு உரமாகட்டும். இவ்வெண்களின் பொருளை எரிபொருள் நிலையந்தோறும் தமிழில் எழுதிவைப்பது விற்போர் கடமை. அதைக் கேட்டுப் பெறுவது நம் உரிமை!