விசா நேர்காணல் தாலுகாவிலேயே தொடங்குகிறது

சென்னை அண்ணா சாலையில் ஜெமினி பாலத்தை ஒட்டி அமெரிக்கத் துணைத் தூதரகம் இருக்கிறது. காலை நேரத்தில் அந்தப் பக்கம் பேருந்தில் போகிறவர்கள், கோப்புகளை மார்போடு அணைத்தபடி நிற்கும் வரிசையைப் பார்த்திருப்பார்கள். ஒரு காலத்தில் அந்த வரிசையில் நம் சேரிப் பிள்ளைகளைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இன்று கல்வி உதவித்தொகையில் பொறியியல் படித்து, சென்னையிலோ பெங்களூரிலோ நாலைந்து ஆண்டு வேலை பார்த்து, எச்-1பி என்னும் வேலை விசாவுக்காக நம் பிள்ளைகளும் அங்கே நிற்கிறார்கள்.

எண்ணிக்கை சொற்பம்தான். ஆண்டுக்கு 65,000 பேர், அமெரிக்காவில் முதுகலை படித்தவர்களுக்குக் கூடுதலாக 20,000 பேர் என்று மொத்த உலகத்துக்குமாக வைத்திருக்கும் வரம்பில் குலுக்கல் விழ வேண்டும். 2025 செப்டம்பரில், வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான புதிய மனுக்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அமெரிக்க அதிபர் அறிவித்த பிறகு வாசல் இன்னும் குறுகிவிட்டது. இத்தனையையும் தாண்டி ஒரு பிள்ளை அந்த வரிசையில் போய் நின்ற பிறகு, ஒரு காகிதக் கோளாறால் திரும்பி வரக் கூடாது என்பதுதான் நம் கவலை.

நேர்காணல் என்றதும் மேசை, நாற்காலி, மூன்று அதிகாரிகள் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். கண்ணாடிச் சன்னலுக்கு அந்தப் பக்கம் ஓர் அதிகாரி, இந்தப் பக்கம் நின்றபடியே விண்ணப்பதாரர். பெரும்பாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். வழக்கறிஞரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு பேசும் இடமல்ல அது. ஆகவே சட்ட உதவி என்பது அந்தச் சன்னலுக்குப் போவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டிய வேலை. சில வீடுகளில் அந்த வேலையை டெக்சாஸில் இருக்கும் அத்திம்பேர் தொலைபேசியிலேயே முடித்துக் கொடுத்துவிடுவார். நம் வீட்டில் அப்பா கேட்பது, "விசாங்கிறது வேற, பாஸ்போர்ட்டுங்கிறது வேறயாப்பா?" என்பதுதான். இந்த இடைவெளியில்தான் ஏஜென்ட் உள்ளே நுழைகிறார்.

யார் எதைச் செய்ய வேண்டும் என்று முதலில் தெரிந்துகொள்வோம். எச்-1பி விசாவுக்கு மனு போடுவது வேலைக்குப் போகிறவர் அல்ல, வேலை கொடுக்கும் நிறுவனம். அதற்கும் முன்னால், இந்த ஊரில் இந்த வேலைக்கு இவ்வளவு சம்பளம் தருவேன் என்று அந்த நிறுவனம் அமெரிக்கத் தொழிலாளர் துறைக்கு எழுதிக்கொடுத்திருக்கும். மனு ஏற்கப்பட்டால் ஐ-797 என்ற ஒப்புதல் தாள் வரும். நாம் நிரப்புவது டி.எஸ்-160 என்ற இணையப் படிவம். மனுவைத் தயாரிக்கும் வழக்கறிஞர் பெரும்பாலும் நிறுவனம் அமர்த்தியவர். அவருடைய அக்கறை முதலில் நிறுவனத்தின் மீது இருக்கும், அதில் வியப்பில்லை. ஆனால் மனுவின் நகலைக் கேட்டு வாங்கி வரி வரியாகப் படிப்பது நம் பொறுப்பு. என்ன பதவி, எந்த ஊர், என்ன சம்பளம் என்று அதில் இருக்கிறதோ அதைத்தான் சன்னலில் கேட்பார்கள். மனுக் கட்டணமும் அதற்கான வழக்கறிஞர் கட்டணமும் சட்டப்படி நிறுவனத்தின் செலவு. வேலை ஒதுக்காமல் 'பெஞ்சில்' உட்கார வைத்தாலும் எழுதிக்கொடுத்த சம்பளத்தைத் தந்தாக வேண்டும். மனுச் செலவுக்கு மூன்று லட்சம் கொண்டுவா என்று பிள்ளையிடம் கேட்கும் நிறுவனம் அமெரிக்கச் சட்டத்தை மீறுகிறது என்று அறிந்துகொள்ளுங்கள்.

ஏஜென்ட் கற்றுக்கொடுக்கும் பொய்களில் பாதி, தேவையே இல்லாத பொய்கள். அதுதான் கொடுமை. "திரும்பி வந்துவிடுவேன், ஊரில் பத்து ஏக்கர் நிலம் இருக்கிறது" என்று சொல்லச் சொல்கிறார்கள். சொத்து மதிப்புச் சான்று என்று யாருடைய நிலத்தையோ காட்டி ஒரு தாளும் தயாரித்துத் தருகிறார்கள். சுற்றுலா விசா, மாணவர் விசா கேட்பவர்தான் தாய்நாட்டுக்குத் திரும்புவார் என்று அதிகாரியை நம்பவைக்க வேண்டும். அமெரிக்கக் குடிவரவுச் சட்டத்தின் 214-பி பிரிவில் எச்-1பி விசாவுக்கு அந்தச் சுமையிலிருந்து விலக்கே இருக்கிறது. ஒரு சென்ட் நிலம் இல்லாத கூலித் தொழிலாளியின் மகனுக்கு இல்லாத நிலத்தைக் கொடுத்து, அந்தப் பொய்க்குப் பணமும் வாங்கிக்கொள்கிறார்கள். நிலமின்மை நமக்கு அவமானமல்ல. இந்த விசாவுக்கு அது தடையும் அல்ல. ஆனால் பொய் பெரிய தடை. அனுபவச் சான்றிதழ் போலியாக இருந்தாலோ, முக்கியமான ஒன்றை வேண்டுமென்றே மாற்றிச் சொன்னாலோ, 212-வது பிரிவின்படி வாழ்நாள் முழுவதும் அந்த நாட்டுக்குள் நுழையத் தடை வரலாம். ஏஜென்ட் அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விடுவார். தடை நம் பிள்ளையின் பெயரில்தான் நிற்கும்.

இந்தச் 'சொல்லிக்கொடுத்தல்' நமக்குப் புதிதல்ல. 1860இல் சென்னைத் துறைமுகத்திலிருந்து 'ட்ரூரோ' கப்பல் நேட்டாலுக்குப் புறப்பட்ட காலத்திலிருந்தே, ஒப்பந்தக் கூலிகளாகக் கடல் கடந்தவர்களில் பெரும் எண்ணிக்கையினர் நம் மக்கள். ஏறும் முன்பு அதிகாரி ஒருவர், விருப்பத்தோடு போகிறாயா, நிபந்தனை புரிந்ததா என்று கேட்க வேண்டும் என விதி இருந்தது. அதற்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்பதை ஆள்பிடிப்பவர்கள் முன்கூட்டியே பழக்கி வைத்திருந்தார்கள்.

நம் காலத்துக்கு வருவோம். கலிபோர்னியாவின் பெர்க்லியில் வீடுகளை வாடகைக்கு விட்டுச் செல்வந்தரான லகிரெட்டி பாலி ரெட்டி, ஆந்திராவில் தன் சொந்த ஊரான வெல்வடத்திலிருந்து ஏழைத் தலித் குடும்பத்துச் சிறுமிகளைக் கொண்டுபோய்ச் சுரண்டிய வழக்கு 2000இல் வெளிவந்தது. 1999 நவம்பரில் அவருடைய கட்டடத்தில் நச்சுவாயு கசிந்து ஒரு சிறுமி இறந்த பிறகுதான் விஷயம் வெளியே தெரிந்தது. கணினி நிறுவனத்தின் பெயரில் ஒருவருக்கு எச்-1பி விசா வாங்கி, சிறுமிகளை அவருடைய மகள்கள் என்று காகிதத்தில் காட்டியிருந்தார்கள். 2001இல் குற்றத்தை ஒப்புக்கொண்ட அவருக்கு எட்டு ஆண்டுகளுக்கு மேல் சிறை கிடைத்தது. ஆக, எச்-1பி என்பது கணினிப் பொறியாளர்களின் கதை மட்டுமல்ல.

இருபதாண்டு கழித்து 2021 மே மாதம், நியூ ஜெர்சியின் ராபின்ஸ்வில்லில் கட்டப்பட்டுவந்த பெரிய கோயில் ஒன்றின் தொழிலாளர்கள் நீதிமன்றம் போனார்கள். இந்தியாவிலிருந்து போன அவர்களில் பலர் தலித்துகள். சமயப் பணியாளர்களுக்கான ஆர்-1 விசாவில் அழைத்துச்சென்று, மணிக்கு ஏறத்தாழ 1.20 டாலர் கூலியில் கல் வேலை வாங்கினார்கள் என்பது குற்றச்சாட்டு. புரியாத ஆங்கிலத் தாள்களில் கையெழுத்து வாங்கினார்கள், விசா அதிகாரியிடம் இப்படித்தான் சொல்ல வேண்டும் என்று பழக்கினார்கள் என்றும் சொல்லப்பட்டது. கோயில் நிர்வாகம் இதை மறுத்தது. பின்னர் தொழிலாளர்களில் சிலர் வழக்கிலிருந்து விலகினார்கள். அமெரிக்க அரசின் குற்ற விசாரணையும் யார்மீதும் குற்றம் சாட்டாமல் முடித்துக்கொள்ளப்பட்டது. அந்த வழக்கில் எது மெய் என்று தீர்ப்பெழுதுவது இந்தப் பத்தியின் வேலையல்ல. சன்னலில் நிற்பவர் தன் விசாவின் பெயரையும் தன் சம்பளத்தையும் தானே அறிந்திருந்தாரா என்பதுதான் நம் கேள்வி.

இதே கேள்வி அமெரிக்கச் சட்டத்திலும் இருக்கிறது. வேலைக்காகத் தற்காலிக விசாவில் போகிறவர்களுக்கு அவர்களுடைய உரிமைகளைச் சொல்லும் கையேட்டைத் தூதரகம் கொடுக்க வேண்டும். படித்துப் புரிந்துகொண்டாரா என்று அதிகாரி கேட்க வேண்டும். 2008இல் வந்த சட்டம் அது. பாஸ்போர்ட்டைப் பறித்து வைத்துக்கொள்ளக் கூடாது, ஒப்பந்தச் சம்பளம் குறையக் கூடாது என்றெல்லாம் அந்தக் கையேடு சொல்கிறது. நம் பிள்ளைகள் பலர் விசா கிடைத்த மகிழ்ச்சியில் அதைப் பிரிப்பதே இல்லை.

இனி, அமெரிக்க வழக்கறிஞருக்குத் தெரியாத விஷயங்களுக்கு வருவோம். நம் பிள்ளைகளுக்கு வரும் சிக்கல்கள் பெரும்பாலும் நியூயார்க்கில் முளைத்தவை அல்ல. தாலுகாவில் முளைத்தவை.

அசல் சான்றிதழை எடுத்துக்கொள்ளுங்கள். அரசு தரவேண்டிய கல்வி உதவித்தொகை வரவில்லை என்று சொல்லி, பட்டியல் சாதி மாணவர்களின் பட்டத்தையும் மதிப்பெண் பட்டியலையும் தனியார் கல்லூரிகள் பிடித்துவைத்துக்கொள்வது இந்த மாவட்டத்தில் எல்லோரும் அறிந்த கதை. அசலைப் பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018லேயே சொல்லிவிட்டது. நேர்காணலுக்குப் பத்து நாள் இருக்கும்போது கல்லூரி அலுவலகத்தில் போய்க் கெஞ்சிப் பயனில்லை. வேலையில் சேர்ந்த முதல் ஆண்டிலேயே வழக்கறிஞர் மூலம் ஒரு கடிதம் அனுப்பினால் போதும், பல கல்லூரிகளின் பெட்டி திறந்துவிடும்.

அடுத்தது வழக்கு. அம்பேத்கர் சிலைக்கு மாலை போடப் போன இடத்தில் தகராறு, மயானப் பாதைக்காகச் சாலை மறியல், நாம் வன்கொடுமைப் புகார் கொடுத்த மறுநாளே எதிர்த்தரப்பு கொடுக்கும் கவுண்டர் கேஸ். பத்தொன்பது வயதில் பெயர் சேர்க்கப்பட்ட பிள்ளைக்கே அது தெரியாமல் இருக்கும். எப்போதாவது கைது செய்யப்பட்டதுண்டா, தண்டிக்கப்பட்டதுண்டா என்று டி.எஸ்-160 படிவம் கேட்கிறது. மண்டபத்தில் அடைத்து மாலையில் விட்டது கைதா? முதல் தகவல் அறிக்கையில் பெயர் மட்டும் இருந்தால் என்ன பதில்? பிரவுசிங் சென்டர் தம்பி 'இல்லை' என்று ஒரு தட்டு தட்டிவிடுவார். ஆனால் படிவத்தில் உறுதி கூறுவது நாம். இதை வழக்கறிஞரிடம் காட்டித்தான் பதில் எழுத வேண்டும். வழக்கு முடிந்திருந்தால் நீதிமன்றத்தின் சான்றிட்ட நகல் கையில் இருக்க வேண்டும். வெறும் பழிவாங்கும் வழக்கு என்றால் உயர் நீதிமன்றத்தில் ரத்து கேட்கலாம். உரிமைக்காகத் தெருவில் நின்றதை மறைக்கவேண்டிய அவசியம் நமக்கு இல்லை. அதற்கான காகிதம் நம்மிடம் இருக்கிறதா என்பதே கேள்வி.

2025 டிசம்பர் முதல் எச்-1பி விண்ணப்பதாரர்கள் தங்கள் சமூக ஊடகப் பக்கங்களை எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டார்கள். ஏப்ரல் 14 அன்று போட்ட நீலக்கொடிப் படத்தை அழித்துவிடலாமா என்று ஒரு தம்பி கேட்டார். அண்ணல் படத்தை எதற்கு அழிக்க வேண்டும்? பிறரை வெட்டுவேன் குத்துவேன் என்று எழுதியிருந்தால் கவலைப்படலாம். அதை விசாவுக்காக மட்டும் அல்ல, எப்போதுமே எழுதக் கூடாது.

பெயரும் பிறந்த தேதியும் தனிக் கதை. வீட்டில் பிறந்து, பள்ளியில் தலைமையாசிரியர் குத்துமதிப்பாகப் போட்ட தேதியே வாழ்நாள் தேதியாகிவிட்ட குடும்பங்கள் நம்முடையவை. சாதிச் சான்றிதழில் அப்பா பெயர் ஒன்று, ரேஷன் கார்டில் இன்னொன்று. தேவாலயத்தில் ஒரு பெயர், பள்ளியில் வேறு பெயர். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இல்லாமல் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால், அமெரிக்கப் படிவத்தில் அதையே குடும்பப் பெயராக எழுத வேண்டியிருக்கும். சான்றிதழ்களும் பாஸ்போர்ட்டும் ஒன்றுக்கொன்று முரண்பட்டால், அரசிதழில் பெயர் மாற்றம், கோட்டாட்சியர் உத்தரவோடு பிறப்புப் பதிவு என்று வழிகள் உண்டு. ஆனால் மாதக் கணக்கில் ஆகும். ஊர்ப் பெயர்களிலிருந்து 'காலனி' என்ற சொல்லை நீக்குவதாக 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள், வரவேற்போம். புதிய முகவரி வந்ததும் பாஸ்போர்ட்டிலும் மாற்றிக்கொள்ள மறக்க வேண்டாம்.

டி.எஸ்-160 படிவத்தில், நீங்கள் ஏதாவது குலத்தையோ பழங்குடியையோ சேர்ந்தவரா என்றும் ஒரு கேள்வி வரும். அதைப் பார்த்துச் சிலர் சாதிப் பெயரை எழுதிவைக்கிறார்கள். படிவம் சாதியைக் கேட்கவில்லை. இருளர், மலையாளி, காணி போன்ற பழங்குடியைச் சேர்ந்த பிள்ளைகள் மட்டும் அதற்கு எப்படிப் பதில் எழுதுவது என்று மனு போட்ட வழக்கறிஞரிடமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

சன்னலில் பேசுவதைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லலாம். புரியாவிட்டால் திரும்பக் கேட்கலாம். பத்து முறை 'சார்' போட்டுக் குனிய வேண்டாம். அதிகாரி பண்ணையார் அல்ல. 221-ஜி என்று எழுதிய துண்டுத்தாள் கொடுத்தால் கதை முடிந்துவிட்டதாக அழ வேண்டாம். கூடுதல் ஆவணமோ ஆய்வோ தேவை என்று பொருள். அந்தத் தாளை அன்றைக்கே நிறுவனத்தின் வழக்கறிஞருக்கு அனுப்புங்கள்.

இந்த உதவிக்கெல்லாம் பணம் எங்கே என்று கேட்பீர்கள். 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் இலவசச் சட்ட உதவி உண்டு என்கிறது. வருமான வரம்பு பார்க்காமல் தரவேண்டிய உதவி அது, ஐ.டி. கம்பெனியில் சம்பளம் வாங்குகிறாயே என்று திருப்பி அனுப்ப முடியாது. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அலுவலகம் இருக்கிறது. 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம். அமெரிக்கச் சட்டம் அவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். கல்லூரிக்கு நோட்டீஸ் அனுப்புவதும், வழக்கின் சான்றிட்ட நகல் எடுப்பதும், ஏமாற்றிய ஏஜென்ட் மீது புகார் எழுதுவதும் அவர்களுக்கு அன்றாட வேலை. வளைகுடாவுக்குக் கொத்தனாராகப் போகும் அண்ணன்களுக்கும் இந்த வாசல் திறந்தே இருக்கிறது. அவர்களிடம் பதிவுபெற்ற முகவர் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான வரியும் மட்டுமே. முகவர் பதிவுபெற்றவரா என்பதை இ-மைக்ரேட் இணையதளத்தில் பார்த்துவிடலாம்.

தாட்கோ நம் பிள்ளைகளுக்குப் பலவகைத் திறன் பயிற்சிகள் நடத்துகிறது. அந்தப் பயிற்சியோடு, ஒப்பந்தத்தையும் விசாப் படிவத்தையும் படித்துக்காட்ட வாரத்தில் ஒரு நாள் ஒரு வழக்கறிஞரை உட்கார வைக்கப் பெரிய நிதி தேவையில்லை. வெளிநாட்டு வேலைக்கென்றே தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது. அதன் ஆட்களை மாதம் ஒருமுறை மாவட்டத்துக்கு அனுப்பலாம். இதை மனுவாக எழுதி, திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் கொடுத்து, ரசீதை மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.