இரண்டு நிமிட விமானம் ஆடம்பரமா?

ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னி தீவுக்கூட்டத்தில் வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரே என்று அண்டைத் தீவுகள் இரண்டு. அவற்றின் விமானத் தளங்களுக்கு நடுவே வெறும் 2.7 கிலோமீட்டர், எடின்பரோ விமான நிலையத்தின் ஓடுபாதையைவிடச் சற்றே அதிகம். 1967 முதல் லோகன்ஏர் நிறுவனம் இங்கே விமானம் விடுகிறது. அட்டவணைப்படி பயணம் இரண்டு நிமிடம். காற்று ஒத்துழைத்த ஒரு நாளில் 53 நொடியிலேயே முடிந்திருக்கிறது. உலகின் மிகக் குறுகிய பயணிகள் விமானச் சேவை என்பதால் பத்திரிகைகளுக்கு இது துணுக்குச் செய்தி. சூழலியல் பேசுவோருக்கு ஊதாரித்தனம். இரு சாராரும் கிலோமீட்டரையே பார்க்கிறார்கள். தீவுப் பயணத்துக்கு அது பொருந்தாத அளவுகோல்.

விமான நேரத்தை உத்தேசமாகச் சொல்ல ஒரு வழி உண்டு. நேர்கோட்டுத் தூரத்தை மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தால் வகுத்து, ஏறி இறங்க அரை மணியைக் கூட்டினால் போதும். ஜெட் விமானங்களுக்குச் சரியாகவே வரும். இங்கே போட்டுப் பார்த்தால் 12 நொடிப் பறத்தலுக்கு அரை மணி ஏற்ற இறக்கம் என்று அபத்தமான விடை கிடைக்கும். இங்கே பறப்பதோ எட்டுப் பேர் போகும் ஐலண்டர் என்ற சின்ன விமானம். தாழவே பறந்து இறங்கிவிடும். அது இந்த 2.7 கிலோமீட்டருக்காக மட்டும் வருவதும் இல்லை. ஆர்க்னியின் தலைநகர் கிர்க்வாலில் கிளம்பி, இரு தீவுகளையும் தொட்டுத் திரும்புகிறது. டவுன் பஸ்ஸின் இரண்டு நிறுத்தங்களை மட்டும் பார்த்து, இதற்கொரு பஸ்ஸா என்று கேட்பார் உண்டா?

இரு தீவுகளுக்கும் இடையே படகு இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, சுமார் 25 நிமிடம், பள்ளி மாணவர்கள் அதில்தான் போகிறார்கள். ஆனால் பெரிய மருத்துவமனை இருப்பது கிர்க்வாலில். பாப்பா வெஸ்ட்ரேயிலிருந்து அங்கே வெஸ்ட்ரே வழியாகப் போவதானால் படகில் கடந்து, தீவின் தென்முனைவரை சாலையில் சென்று, மறுபடி ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் கப்பலில் போகவேண்டும். நேரே பறந்தால் அரை மணிகூட ஆகாது. நூறு பேர்கூட இல்லாத தீவுக்கு மானியமா என்றால், அந்தக் கப்பலும் மானியத்தில்தான் ஓடுகிறது. மூடுபனியில் விமானம் நின்றுபோகும் என்பதால் இரண்டுமே தேவைப்படுகின்றன.

புகைதான் வலுவான ஆட்சேபம். குறுகிய பயணத்தில் கிலோமீட்டருக்கு எரிபொருள் அதிகம் செலவாகும் என்பது உண்மை. அந்தக் கவலையில்தான் பிரான்ஸ் 2023இல் சில உள்நாட்டு விமானங்களைத் தடை செய்தது. அங்கும் சட்டம் தூரத்தை அளக்கவில்லை. இரண்டரை மணி நேரத்துக்குள் ரயிலில் போய்ச்சேர முடியுமா என்றுதான் கேட்டது. பாப்பா வெஸ்ட்ரேக்கு எந்த ரயில்? மின்கலத்தின் சக்தி நெடுந்தூரம் தாங்காத இந்தக் காலத்தில், மின்விமானத்தைப் பழக்கிப் பார்க்கவும் இத்தகைய தடங்களே ஏற்றவை. 2021இல் கிர்க்வாலுக்கும் விக் நகருக்கும் இடையே மின்சாரமும் எரிபொருளும் சேர்ந்து இயக்கும் கலப்பின விமானம் ஒன்றைச் சோதனையாகப் பறக்கவிட்டும் பார்த்தார்கள்.